முந்திரித் தோப்பில் பள்ளி மணி

எறையூரில் கரும்பு வெட்டு முடிந்துவிட்டது. கூட வெட்டியவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். திரும்ப ஊர் இல்லாத நான் கிழக்கே நடந்துகொண்டிருக்கிறேன். ஜெயங்கொண்டத்தைத் தாண்டியதும் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு ஓட்டுப் பள்ளிக்கூடம். வாசலில், அதைக் கட்டிய தியாகியின் சிலை. நடுப்பகலிலும் வகுப்பு காலியாகக் கிடக்கிறது.

தண்ணீர் கேட்கிறேன். சத்துணவு சமைக்கும் அக்கா சோறும் போடுகிறார்.

"மிஞ்சித்தான் கெடக்கு, சாப்பிடுங்க. புள்ளைங்க எல்லாம் கொட்டை பொறுக்கப் போயிட்டுதுங்க."

"கூப்பிட ஆள் இல்லையா?"

சிலையைக் காட்டுகிறார். "இவரு ஜெயிலுக்குப் போயிட்டு வந்து, தோப்பு தோப்பா மணி அடிச்சுப் புள்ளைங்களக் கூட்டியாருவாராம். அந்த மணி வந்துட்டா இன்னைக்கும் யாரும் புள்ளைய நிறுத்திவைக்க மாட்டாங்க. இவருக்கு அப்புறம் மணி தூக்குனவரு போன மாசம் செத்துட்டாரு. இப்படியே போனா பள்ளிக்கூடத்த மூடிருவாங்க. நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?"

"அஞ்சாவது. பாதியில ஓடிட்டேன்."

"அப்ப புள்ளைங்க எங்க ஒளியும்னு உங்களுக்குத் தெரியும்," என்று சிரிக்கிறார். "மணிய நீங்க எடுங்களேன். ரெண்டு வேளை சோறு போடறேன்."

பொழுது சாய்ந்ததும் அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். வராந்தாவில் நானும் வாசலில் சிலையும் மட்டும்.

காலையில் முதல் தோப்புக்குள் நுழைந்து மணியை அடிக்கிறேன். நான் யாரென்று கேட்காமலே ஒரு பெண் தன் மகள் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொள்கிறாள்.