ரப்பரைப் பிய்த்துப் பார்த்தவன்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பூண்டியில் பூண்டு அறுத்த இதே கையால்தான் நாயுடுபுரத்தில் மூன்று மாடி லாட்ஜ் எழுப்பினேன். சரிவுப் பாறையில் அஸ்திவாரம் நிற்காது என்று இன்ஜினியரே கைவிரித்த இடம் அது. பள்ளத்து ஊற்றைக் குழாய் வைத்து மேட்டுக்கு ஏற்றினேன். பேக்கரி போட்டேன். என் கையெழுத்து மட்டும் இன்றும் கோழி கிளறிய மாதிரி இருக்கும், அதை விடுங்கள்.

இதையெல்லாம் ஊரே சொல்லும். ஊர் சொல்லாத ஒன்று இருக்கிறது. என் தம்பி சின்னராசு மண் சரிவில் மாட்டிக்கொண்ட அன்று, அவனை உயிரோடு பார்த்தவன் நான்.

போன வாரம் பள்ளத்தாக்கு பார்க்கும் இடத்தில் சும்மா நின்றிருந்தேன். பைனாகுலர் வாடகைக்கு விடுகிறவன், கண்ணாடி போட்ட ஒரு அம்மாவிடம், "கழட்ட வேணாம்க்கா, கண்ணு வைக்கிற எடத்துல இருக்க இந்த ரப்பர மடக்கிட்டுப் பாருங்க, முழுசாத் தெரியும்" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, இத மொதல்ல கண்டுபிடிச்சவன் நாந்தேன்!"

"சரிங்க பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்கங்க. அக்காவுக்கு மறைக்குது."

தள்ளி நின்றேன். ஆனால் வெயிலில் காய்ந்த அந்த ரப்பர் வாசம் மூக்கில் ஏறிவிட்டது. பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதே இடத்தில் ஆறு வருஷம் நின்றவன் நான். அப்போது எங்கள் தொழிலில் ஒரே சட்டம்தான்: கண்ணாடியைக் கழற்றினால்தான் பைனாகுலர். கைப்பிடிச் சுவரில் வைத்தால் குரங்கு கொண்டுபோய்விடும். அதனால் கழற்றிய கண்ணாடி எல்லாம் என் சட்டைப் பைக்கு வரும். ஒருமுறை மாற்றிக் கொடுத்துவிட்டேன். புது மாப்பிள்ளை ஒருவர், யாரோ ஒரு மாமியாருடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். எப்படி வீடு போய்ச் சேர்ந்தாரோ!

எனக்கும் கண்ணாடிதான். சிலிண்டர் பவர். கழற்றிவிட்டுப் பார்த்தால், திருகாணியை எப்படித் திருகினாலும் மலை கரைந்துதான் தெரியும். போட்டுக்கொண்டு பார்த்தாலோ, ரப்பர் விளிம்பு கண்ணைத் தள்ளி நிறுத்தும். காலணா அகலத்துக்கு ஒரு ஓட்டைதான் தெரியும். குருட்டுப் பூனை போலத்தான் அந்தத் தொழில் செய்தேன். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும்.

சின்னராசு மலைக்குக் கீழே அடுக்கம் கிராமத்தில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டவன். வாரம் ஒருமுறை பழைய ஒற்றையடிப் பாதையில் ஏறி என்னைப் பார்க்க வருவான். அன்றைக்கு மத்தியானம் மழை விட்டதும், அவனுக்குப் பின்னால் ஏறிய இரண்டு பேர் மூச்சு வாங்க ரோட்டு வழியாகச் சுற்றி வந்து சொன்னார்கள்: பாதை சரிந்துவிட்டது, முன்னால் போன சின்னராசைக் காணோம்.

பைனாகுலர் முதலாளியும் அவரிடம் வேலை பார்த்த நாங்கள் மூன்று பேரும் நான்கு பைனாகுலரோடு கைப்பிடிச் சுவரோரம் ஓடினோம். மஞ்சு மூட்டம் ஒரு ஓரமாக விலகியிருந்தது. மற்ற மூன்று பேரும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். நான் கண்ணாடியைக் கழற்றினேன், கரைந்தது. போட்டேன், ஓட்டை. என்ன செய்கிறேன் என்றே தெரியாமல் அந்த ரப்பரைப் பல்லால் கடித்துப் பிய்த்து எறிந்தேன்.

"பாவி! பொருளக் கெடுத்துட்டியேடா!" என்று முதலாளி கத்தினார்.

மலை முழுசாகக் கண்ணுக்குள் வந்தது. என் வாழ்நாளில் முதல் தடவை. புல், ஈரப் பாறை, சிவப்பு மண், பாறை விளிம்பில் ஒரு ஆள். கையை ஆட்டினான். நானும் பதிலுக்கு ஆட்டினேன். அவனுக்கு நான் தெரியவே மாட்டேன் என்பதுகூட உறைக்கவில்லை.

"அங்கன இருக்கான் மொதலாளி! ரெட்டைப் பாறைக்குக் கீழ! கயிறு போட்டு வெரசா எறங்குவோம்!"

அவர் வாங்கிப் பார்த்தார். நல்ல கண் அவருக்கு. "சாக்குடா. செடியில மாட்டிக் கெடக்கு." அதற்குள் மஞ்சு மூடிவிட்டது. "நாலு கண்ணன் பேச்சக் கேட்டு நாலு பேர அந்தப் பள்ளத்துல எறக்கவா? கண்ணத் தொட்டுச் சொல்லு. ஒன் தம்பிதானா அது?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தேன். மறுபடி போட்டேன். எதிரே வெறும் வெள்ளை.

"தெரியல மொதலாளி" என்றேன்.

கயிறோடு எல்லோரும் பெரியகுளம் பக்கம் சுற்றி, பள்ளத்தின் அடியில் தேடப் போனார்கள். மறுநாள் காலை அவனைத் தூக்கியது ரெட்டைப் பாறைக்குக் கீழேதான். துண்டைச் செடியில் கட்டி வைத்திருந்தான். உடம்பில் பெரிய காயம் இல்லை. குளிர் கொன்றிருக்கிறது.

"நாலு பைனாகுலர் இருந்துச்சே, ஒரு கண்ணுகூடவா அவுகளப் பாக்கல, அத்தான்?" என்று அவன் பெண்டாட்டி தங்கம் என் காலடியில் விழுந்து கேட்டாள். அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். பார்த்தேன் என்று சொன்னால், அப்புறம் ஏன் போகவில்லை என்று கேட்பாளே. அவள் இன்றும் அதையேதான் கேட்கிறாள். ஊரும், யாரும் பார்க்கவில்லை என்றுதான் சொல்கிறது.

இப்போது அந்தப் பாதை இல்லை. சரிவு முழுக்க வாட்டில் மரம் மூடி, ரெட்டைப் பாறையே வெளியே தெரியாது. முதலாளி போய்விட்டார். சுவரோரம் நின்ற மற்ற இரண்டு பேரும் போய்விட்டார்கள். எனக்குச் சாட்சி என்று ஒரு ஆள் மிச்சமில்லை.

அதனால் என் கதையை எழுத வந்த உங்களிடம் கேட்கிறேன். கெஞ்சவில்லை, அழுத்தியே கேட்கிறேன். யாரும் பார்க்கவில்லை என்று இனி ஒருவரும் சொல்லக் கூடாது. அவன் கையாட்டியதை ஒருவன் பார்த்தான், அது நான் என்று எழுதுங்கள். பார்த்தவனே தெரியவில்லை என்று சொன்னதையும் கீழேயே எழுதுங்கள். இரண்டும் என் பங்கு. இரண்டையும் என் பேரிலேயே போடுங்கள்.