இரண்டு நோட்டீஸ், ஒரே வரி

அந்த ஆகஸ்ட் மாதத்தில் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தாம்பரத்தை அடுத்த எங்கள் நகரிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு வழியாகப் பெருங்களத்தூர் வரை நடப்பேன். பஸ் ஸ்டாப்பில் தெற்கே போகும் கூட்டத்தை வேடிக்கை பார்ப்பேன். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி நடப்பேன். வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் மறுபடியும் செருப்பைத் தேடுவேன். “என்னடா, கால்ல சக்கரம் கட்டியிருக்கா?” என்று அம்மா கேட்பாள். நான் செய்து வைத்திருந்த காரியம் அவளுக்குத் தெரியாது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வரலாற்றில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தேன். அமெரிக்காவில் முதன்முதலாகத் தோன்றிய அரசியல் கட்சிகள் அந்த நாட்டுக்காரர்களுக்கு ‘நாம் அமெரிக்கர்’ என்ற உணர்வை எப்படிக் கொடுத்தன என்பது என் ஆய்வு. திருப்பதியைத் தாண்டி வடக்கே போகாதவனுக்கு இது எதற்கு என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். “எல்லாரும் கோயில் கல்வெட்டுலயே போய் விழறாங்க, நீயாவது கடல் தாண்டு” என்று என் நெறியாளர் சொன்னார், தாண்டினேன், அவ்வளவுதான். மூன்று அத்தியாயம் முடிந்திருந்தது. நான்காவதை மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு அவர் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்திருந்தார்: “அப்படி அடிச்சுக்கிட்டவங்க எப்படிய்யா ஒரு ஜனமா ஆனாங்க?”

நிஜமாகவே அடித்துக்கொண்டார்கள். மத்தியில் வலுவான அரசு வேண்டும் என்றது ஒரு கட்சி. மாநிலங்களின் கையில்தான் அதிகாரம் இருக்க வேண்டும் என்றது இன்னொன்று. கட்சி கட்டாதீர்கள், நாடு கெட்டுப்போகும் என்று அவர்களுடைய முதல் ஜனாதிபதி பதவியை விட்டுப் போகும்போது சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? தொப்பியில் குத்திய ரிப்பனின் நிறத்தை வைத்தே எதிரி யார் என்று தெரிந்துகொண்டார்கள். இவர்களுக்கு ஒரு பத்திரிகை, அவர்களுக்கு ஒரு பத்திரிகை. அதில் எழுதியவர்களில் பலர் சொந்தப் பெயரை மறைத்து, பழைய ரோமாபுரிப் பெயர்களைப் போட்டுக்கொண்டு திட்டினார்கள். சுதந்திர தினத்தைக்கூட ஒரே ஊரில் இரண்டு ஊர்வலமாக, இரண்டு விருந்தாகக் கொண்டாடினார்கள்.

இதையெல்லாம் தட்டச்சு செய்தவள் எங்கள் நகரின் நான்காம் தெருவில் இருந்த அக்கா. பம்மலில் பிறந்து வளர்ந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள். தெருமுனையில் ஒரு டி.டி.பி. கடை வைத்திருந்தாள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மின்சாரம் போனால் விசிறிக்கொள்ள ஓர் அட்டை, அதுதான் கடை. என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் அவள். அடித்துக்கொண்டே படிப்பாள், படித்துக்கொண்டே கேலி செய்வாள்.

“இன்னா தம்பி, அமெரிக்காகாரனும் நம்ம ஆளுங்க மாரியே கீறான்? கொடி தனி, கூட்டம் தனி, பேப்பர் தனி. போஸ்டர்ல சாணி அடிச்சானா இல்லியா, அதையும் எழுது.”

அந்தச் சமயம் பார்த்து எங்கள் நகரிலும் கட்சி கிளம்பியது. நான்கு தெருவுக்கும் ஒரே நலச்சங்கம், அப்பாதான் அதற்குச் செயலாளர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்துக் கிடந்த வருடங்கள் அவை. ஏரியை ஒட்டிய நான்காம் தெருவில் மட்டும் போர் போட்டால் நல்ல தண்ணீர் வந்தது. அங்கே பொதுவாக ஒரு போர் போட்டு, பெரிய டேங்க் கட்டி, நான்கு தெருவுக்கும் குழாய் இழுக்க வேண்டும் என்றது சங்கம். எங்கள் தெருத் தண்ணீரை எங்கள் தெருதான் நிர்வாகம் செய்யும், இனி தெருவுக்கு ஒரு சங்கம் என்றது நான்காம் தெரு. ஒரே வாரத்தில், பத்து வருடமாகச் சேர்ந்து வாக்கிங் போனவர்கள் எதிரெதிர் திசையில் நடக்க ஆரம்பித்தார்கள்.

அப்பா ஒரு மாலை என்னைக் கூப்பிட்டார். “நோட்டீஸ் அடிக்கணும். நான் எழுதினா ஆபீஸ் லெட்டர் மாதிரி இருக்குன்னு கமிட்டியில சிரிக்கிறாங்க. நீ எழுதிக் கொடு.” அவர் எழுதியதைப் பார்த்தேன். ‘பொருள்:’ என்று தொடங்கி ‘பார்வை:’ என்று போயிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு எழுதிக் கொடுத்தேன். அக்காவின் கடையிலேயே அடித்து மூன்று தெருவுக்கும் கொடுத்தார்கள். நகரில் வேறு கடை கிடையாது.

இரண்டு நாள் கழித்து அக்கா கேட்டாள். “எங்க தெருவுக்கும் ஒண்ணு எழுதிக் குடேன் தம்பி. எனக்கு அடிக்கத்தான் தெரியும்.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், தலையாட்டிவிட்டேன். என் மூன்று அத்தியாயங்களைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அடித்தவள் ஆயிற்றே. அதுமட்டும் காரணம் என்று சொன்னால் பொய். பெயரை மறைத்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் எழுதுவதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. ரோமாபுரிப் பெயர்க்காரர்களில் நானும் ஒருவன் என்று நினைத்துக்கொண்டேன். எழுதினேன்.

என் புத்தி எங்கே போயிருந்ததோ, இரண்டு நோட்டீஸையும் ஒரே வரியில் முடித்திருந்தேன். “புதரைத் திருத்தி முதல் விளக்கை ஏற்றியவர்கள் நாம், நம்மைக் கேட்காமல் இந்த நகரின் பெயரை எவரும் எடுத்துக்கொள்ள முடியாது.” எனக்கு ரொம்பப் பிடித்த வரி. அதை ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுக்க மனசு வரவில்லை.

நான்காம் தெரு நோட்டீஸ் எங்கள் வீட்டு கேட்டில் செருகியிருந்தது. கடைசி வரியைப் படித்ததும் அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. “திருட்டு! டைப் அடிக்கக் கொடுத்தா, அந்தப் பொண்ணு நம்ம வரியைத் திருடி அவங்களுக்குக் கொடுத்திருக்கா!” அன்று மாலையே எங்கள் வீட்டுக் கூடத்தில் கமிட்டி கூடியது. இனி மூன்று தெருவிலிருந்தும் யாரும் அந்தக் கடைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று முடிவானது. நானும் அதே கூடத்தில்தான் இருந்தேன். எல்லாருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தேன். அது நான் எழுதியது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அன்றிலிருந்துதான் இந்த நடை. சொல்லிவிடலாம் என்று வீட்டை நோக்கி நடப்பேன், அப்பாவின் சாய்வு நாற்காலியைப் பார்த்ததும் வேண்டாம் என்று வெளியே நடப்பேன். அக்காவின் கடை வழியாகப் போவதைத் தவிர்க்க ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனேன். நான்காம் அத்தியாயத்தில் பாதியை எழுதி, ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மலில் ஒரு கடையில் கொடுத்தேன். என் கையெழுத்தை அவர் ஒரு தினுசாகப் படித்து அடித்திருந்தார். ‘குடியரசு’ எல்லாம் ‘குடியானவர்’ ஆகியிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

வேறு வழியில்லாமல் ஒருநாள் அக்காவின் கடைக்குப் போனேன். பள்ளிக்கூட புராஜெக்ட், பயோடேட்டா, சீமந்தப் பத்திரிகை என்று எப்போதும் நாலு பேர் நிற்கும் கடை காலியாக இருந்தது. அவள் கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வாத்தியாரே, கடைசி சாப்டர் எங்க?” என்றாள், ஒன்றுமே நடக்காதது போல.

“அக்கா, நான் அப்பாகிட்ட சொல்லிடறேன்.”

“ஒரே வரியை ரெண்டு எடத்துல போடுவியா நீ? அடிச்சிகினு இருக்கும்போதே பாத்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“எழுதினது நீ. நான் இன்னாத்துக்கு மாத்தணும்? நான் வாயத் தொறந்தா உங்க வூட்ல உனக்குச் சோறு பேஜாராயிடும்.” துணியை உதறி மடித்தாள். “ஆனா திருடின்னு சொல்றாங்க தம்பி. எம் பொண்ணு ஸ்கூல்ல கேட்டுகினு வந்து அழுவுது. அதான் தாங்கல.”

சுதந்திர தினத்தன்று சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். பயந்தாங்கொள்ளிக்கு ஒரு தேதி இருந்தால் கொஞ்சம் வசதி, அவ்வளவுதான்.

பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனையில் ஒரு வேப்பமரமும் சங்கத்தின் கொடிக்கம்பமும்தான் உண்டு. ஒரு முறை ஏற்றிய கொடியை இறக்கி இன்னொரு கட்சி ஏற்ற முடியாது என்பதால், நான்காம் தெரு பத்தடி தள்ளி ஒரு சவுக்குக் கம்பம் நட்டிருந்தது. எங்களுக்கு எட்டு மணி, அவர்களுக்கு எட்டரை. எங்கள் கொடி விரிந்து பூ உதிர்ந்தபோது நான்காம் தெருக்காரர்களும் வந்துவிட்டிருந்தார்கள். நாங்கள் தேசிய கீதம் பாடியபோது அவர்களும் தங்கள் கம்பத்தருகே விறைப்பாக நின்றார்கள். பிள்ளைகள் இங்கே ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக்கொண்டு அங்கேயும் வரிசையில் போய் நின்றார்கள். என் நெறியாளர் கேட்ட கேள்விக்கு விடை அங்கேயே கிடப்பது போல எனக்குத் தோன்றியது. இரண்டு பக்கத்துக்கும் நாளும் ஒன்று, கொடியும் ஒன்று. ‘நாங்கள் வேறு ஊர்’ என்று எவரும் சொல்லவில்லை, ‘இந்த ஊரே நாங்கள்தான்’ என்றுதான் இரண்டு பக்கமும் கத்தியது. அமெரிக்காக்காரனும் அப்படிக் கத்திக் கத்தித்தான் ஒரு ஜனமாக ஆகியிருப்பான். அந்தக் கூச்சலில் வயலில் உழைத்த அடிமைகளின் பெயர் வரவில்லை என்பதையும் எழுத வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நிமிர்ந்தால், சவுக்குக் கம்பத்தின் ஓரத்தில் அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அப்பா மைக்கைப் பிடித்தார். அந்த வரியை உரக்கப் படித்தார். “இது நம்ம வரி. இதைத் திருடினவங்க இங்கேதான் நின்னுக்கிட்டிருக்காங்க.”

“அப்பா,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. முன்னால் போய் நின்று மறுபடி சொன்னேன். “அது நான் எழுதினது. ரெண்டு நோட்டீஸும் நான்தான் எழுதினேன். அக்கா திருடல.”

அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“மொதல்ல யாருக்கு எழுதினே? நமக்கா, அவங்களுக்கா?”

மைக் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கட்சியும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அக்காதான் பதில் சொன்னாள்.

“ரெண்டு பேருக்கும் இல்ல சார். மொதல்ல அமெரிக்காகாரனுக்கு. ரெண்டாவது சாப்டர்ல கீது, நான்தான் அடிச்சேன். அங்க காடுன்னு இருந்துது, இங்க புதர்னு போட்டுட்டாரு.”

நான்காம் தெருதான் முதலில் சிரித்தது. பிறகு எங்கள் பக்கமும் சிரித்தது. அந்த மாதத்தில் நான்கு தெருவும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அந்தச் சிரிப்புதான். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அப்பாவைப் பார்க்கும்வரை. அவர் மைக்கை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“அப்போ நமக்குன்னு நீ ஒண்ணுமே எழுதலையாடா?”

அமெரிக்கக் கட்சிகளைப் பற்றி நூற்றைம்பது பக்கம் எழுதியவன் நான், மிட்டாய் டப்பாவை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் பக்கம் நழுவினேன். அன்றும் அடுத்த இரண்டு நாளும் எனக்கானதை அவர் அம்மாவிடம்தான் சொல்லியனுப்பினார்.

திங்கட்கிழமை நான் அக்காவின் கடையில் கடைசி அத்தியாயத்தோடு உட்கார்ந்திருந்தபோது அப்பா படியேறி வந்தார். என்னைப் பார்க்காதது போல ஒரு காகிதத்தை அவளிடம் நீட்டினார். அவர் கையாலேயே எழுதியது. ‘பெறுநர்’ என்ற இடத்தில் அவள் பெயரும் கடை முகவரியும் இருந்தன. ‘பொருள்: பொதுக்கூட்டத்தில் தங்கள்மீது தவறாகக் குற்றம் சுமத்தியதற்கு வருத்தம் தெரிவித்தல் தொடர்பாக.’ கீழே, ‘நகல்: நான்கு தெருக்களுக்கும்.’

வேறு கடைக்குப் போக மனசில்லாமல், அவளிடம் கேட்கும் மன்னிப்பை அவளிடமே அடிக்கக் கொடுத்துவிட்டு, அப்பா ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தார். அக்கா அடிக்கத் தொடங்கினாள். நடுவில் விரல் நின்றது.

“சார், இங்க ‘திருடி என்று கூறினேன்’னு போட்டிருக்கீங்க. வேற மாரி மாத்திக்கலாமா?”

அப்பா தலையை ஆட்டினார். “வேணாம்மா. நான் சொன்னது அதானே. அப்படியே அடி.”

அவள் அந்த வார்த்தையை ஓர் எழுத்தும் தப்பாமல் அடித்தாள். திருத்தித் தரலாம் என்று எடுத்த பேனாவை நான் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.