சிறுநீரகம் எடுத்த பன்னிரண்டாம் நாள்: பெரியகல்லாறிலிருந்து புளியந்தீவு வரை

என் கணவர் வாவியில் வீச்சுவலை போடுகிறவர். கல் அடைத்துப் பழுதான அவருடைய இடது சிறுநீரகத்தை, வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சின்னத் துவாரங்கள் போட்டுக் கமரா விட்டு எடுத்தார்கள். அதை வெளியே எடுக்க மட்டும் அடிவயிற்றில் நான்கு விரல் நீள வெட்டு. நான்காம் நாள் வீடு. பார்க்க வந்தவர்களெல்லாம் "இவ்வளவுதானா?" என்று ஏமாந்தே போனார்கள்! பன்னிரண்டாம் நாள் புளியந்தீவு ஆசுப்பத்திரியில் டொக்டரிடம் காயம் காட்டப் போன பயணத்தை, இதே தேவையோடு போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெரியகல்லாறிலிருந்து பஸ் மலிவுதான். குலுக்கலுக்குப் பயந்து ஓட்டோ பிடித்தேன். கிட்டத்தட்ட முப்பது கிலோமீற்றர்; காத்திருந்து கூட்டிவர 6,500 ரூபாய். காலை 6.40க்குப் புறப்பட்டோம். வயிற்றோடு அணைத்துப் பிடிக்கத் தலையணை கொடுத்தேன். பள்ளங்களில் அது பேருதவி.

கோட்டைக்கல்லாறுப் பாலத்தில் ஓட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணன், முந்தநாள் விடிய இதுக்குக் கீழ நிண்டு வலை வீசினீங்க, கண்டன். அதுக்குள்ள சுகமாகிட்டா?"

அன்று விடிய நடக்கப் போகிறேன் என்று சொல்லிப் போன மனிதர்! நேற்றுக் காயத்துக்குப் போட்ட கட்டில் கசிவைக் கண்டு கேட்டபோதும் வியர்வை என்றார். மிச்சமிருப்பது ஒரேயொரு சிறுநீரகம்.

எட்டு மணிக்கு நம்பர் எடுத்து, 10.30க்கு உள்ளே போனோம். நடந்ததைச் சொன்னேன்.

"பாரம் தூக்க வேணாமெண்டு சொன்னேனே?" என்றார் டொக்டர்.

"வலை பாரமில்லையே டொக்டர். மூணு கிலோதான்."

"நனைஞ்சா?"

நான் எழுந்து, இடுப்பைத் திருகி வலை வீசுவதைச் செய்து காட்டினேன். டொக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். நல்லகாலம், வெளித்தையல்தான் விட்டிருந்தது. உள்ளே பழுதில்லை. இன்னும் ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, வலையைத் தொடவே கூடாது.

திரும்பும் வழியில் வெடித்தேன். "மீனுக்கு அவ்வளவு அந்தரமா, கொஞ்சம் பொறுக்கேலாதா?"

"மீனுக்கில்ல புள்ள. உடம்பில ஒரு பக்கம் வெறுமையாப் போச்சே, இனி வலை விரியுமா எண்டு பயம். ஒருக்கா வீசிப் பாத்தன்."

"விரிஞ்சுதா?"

"இல்ல."

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆறு கிழமையில் விரியும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எனக்கென்ன தெரியும்? சொன்னேன், அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு ஒன்று. எத்தனை கிலோ தூக்கலாம் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். நோயாளி என்ன வேலை செய்கிறார், அதை எப்படிச் செய்கிறார் என்று முதல் நாளே டொக்டருக்குக் காட்டிவிடுங்கள். ஆசுப்பத்திரிப் படிவத்தில், தொழில் என்ற இடத்தில், கௌரவமாக இருக்கட்டுமே என்று 'வியாபாரம்' என்று எழுதிக் கொடுத்தவள் நான்தான்.