சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

சித்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. இங்கே விண்டோஸ்; திருப்பதியில் பெரிய டாக்டரின் மேசையில் லினக்ஸ். எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி பாதி தமிழ், பாதி தெலுங்கு என்று சமாளிக்க இரண்டுக்கும் தெரியாது. நடுவில் நான் எழுதிவைத்த சின்ன புரோகிராம், ஆள் இல்லாமலே, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் ரிப்போர்ட்டுகளை நகலெடுக்கும். ஒரு நோயாளிக்கு ஒரே ஃபைல். இரண்டு பக்கமும் வேறுபட்டால், தேதியில் புதியது பழையதை அழித்துவிட்டு அங்கே உட்காரும். அதற்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு வழக்கம்போல எல்லா மெஷினையும் பிளக்கோடு பிடுங்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். தூங்கட்டும், பாவம். ரிப்போர்ட் அடிக்கும் கம்ப்யூட்டருக்குள்ளே கடிகாரத்தை ஓட்டும் பொட்டு பாட்டரி எப்போதோ செத்திருந்தது. மறுபடி கரண்ட் வந்தபோது அந்த கம்ப்யூட்டர் பல வருஷம் பின்னால் போய் விழித்தது. யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

பூஜை முடிந்து குடிபாலாவிலிருந்து அக்கா வந்தாள். கழுத்துக் கட்டிக்கு வருஷா வருஷம் எடுக்கிற ஸ்கேன். எங்கள் டாக்டர் புது ரிப்போர்ட்டை அடித்துவிட்டுக் கிளம்பினார். அதன்மேல் விழுந்ததோ ஏதோ பழைய தேதி. திருப்பதியில் கிடந்த போன வருஷத்து ரிப்போர்ட்டைப் புதியதென்று நம்பி, என் புரோகிராம் அதை இதன்மேல் போட்டு மூடிவிட்டது.

மறுநாள் பெரிய டாக்டரைப் பார்க்கப் போன அக்கா திருப்பதியிலிருந்து போன் செய்தாள்.

"பெரிய டாக்டர் பாத்துட்டாருடா. போன வருசம் மாதிரியேதான் கீதாம். ஏமி பயம் லேதுன்னாரு. மலைக்குப் போய்க்கினு கீறேன், வேண்டுதல்."

"லட்டு இல்லாம வந்துடாத."

அவளுக்கொரு பிரிண்ட் எடுத்துவைக்கலாம் என்று ஃபைலைத் திறந்தேன். தலைப்பில் போன வருஷத் தேதி. ஸ்கேன் படங்கள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பித்திருந்தன. எங்கள் டாக்டரிடம் ஓடினேன்.

"நல்லா பெருசாயிருக்குய்யா. ஊசி போட்டு சதை எடுத்துப் பாக்கணும்னு எழுதினேனே!"

அக்காவின் போன் அணைந்தே கிடந்தது. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் போய்க் காத்திருந்தேன். மலை பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மழித்த தலை, அதில் காய்ந்து வெடித்த சந்தனம். அந்த வாசனையை நான் நேற்றும் துடைத்துக்கொண்டிருந்தேன், கீபோர்டின் இடுக்கிலிருந்து.

"துன்னுடா" என்று லட்டை நீட்டினாள். "இன்னா மூஞ்சி அது? மொட்டையப் பாத்து பயந்துட்டியா?"

சொன்னேன். அவள் கை கழுத்துக்குப் போகவில்லை, தலைக்குப் போனது. சந்தனம் உதிர்ந்தது.

"குடுத்த முடிய திருப்பிக் கேக்கவா முடியும்" என்றாள். பிறகு, லட்டைப் பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டபடி:

"அந்தப் பெரிய டாக்டர் எத்தினி மணி வரைக்கும் இருப்பாரு?"