சந்துப் பக்கத்து ஜன்னல்

ஆடிக் காற்றில் என் வீட்டு ஜன்னல் கதவு அடித்துக் கண்ணாடி உடைந்தபோது நான் முசிறியிலிருக்கும் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். வேறு எந்த நேரத்தில் உடைந்திருந்தாலும் சத்தம் முசிறிவரை போயிருக்காது.

"என்னது அது?"

"ஜன்னல்மா. கொக்கி மாட்ட மறந்துட்டேன்."

"அசையாதே. அப்படியே நில்லு. மாடி மாமியைக் கூப்பிடு."

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் தனியாகக் குடியிருக்கிறேன். கீழ்ப்பகுதி எனக்கு, வீட்டுக்கார மாமி மாடியில். மென்பொருள்களைச் சோதித்துப் பிழை சொல்வது என் வேலை, அதை வீட்டிலிருந்தே செய்கிறேன். இங்கே வந்து இருக்க அம்மாவிடம் சம்மதம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் அம்மா நிதானமாகப் பேசினாள். "வெள்ளிக்கிழமை வரேன். வீடு சரியா இருந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இல்லேன்னா மூட்டையைக் கட்டு. கம்ப்யூட்டர் வேலைதானே, முசிறியில உக்காந்து பாரு." குரலில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்குக் கவலையாக இருந்தது.

ஆசாரியைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஆள் வைத்துச் சரிசெய்த ஜன்னல் அம்மாவிடம் எனக்காக ஒரு வார்த்தையும் பேசாது.

எந்த வேலைக்கும் முன்னால் பட்டியல் போடுவது என் பழக்கம். போனில் சொல்லிப் பதிவு செய்துகொண்டேன்: செருப்பு, தோல் கையுறை, டேப், கோதுமை மாவு, காலண்டர் அட்டை, உப்புத்தாள், பொடி ஆணி, சீப்பு. சட்டத்தில் நின்றிருந்த உடைசல்மேல் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன். கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருந்த மெல்லிய மரப்பட்டைகளை நெம்பி எடுத்ததும், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி மொத்தமாகக் கையோடு வந்தன. தரையில் சிதறிய தூளுக்குத்தான் மாவு. கெட்டியாகப் பிசைந்து உருட்டித் தரையில் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டே போனால் பொடிக் கண்ணாடிகூடத் தப்பாது.

மாமி வாசலில் வந்து நின்றார். "என்னடிம்மா, தரைக்குத் தளிகை பண்றயா?"

"ஆமா மாமி. நெய் ஊத்தணும், கொண்டு வாங்க."

"நன்னாருக்கு. உங்கம்மா எனக்கும் போன் பண்ணிட்டா. அந்தப் பொண்ணைப் பாத்துக்கோங்கோன்னா. பாத்துண்டுதானே இருக்கேன்."

காலண்டர் அட்டையை ஜன்னல் சட்டத்துக்குள் சரியாக உட்காரும்வரை நறுக்கி, அதை எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனேன். பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு பாய் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அட்டையை நீட்டி, இந்த அளவில் வேண்டும், சந்தில் போகிறவர்களுக்கு வீட்டுக்குள் எதுவும் தெரியக் கூடாது என்றேன்.

"நம்மகிட்ட ஒரு துண்டு இருக்கும்மா. ஆபீஸுக்குப் போட்ட சரக்கு, மிஞ்சினது. வெளியில நின்னு எட்டிப் பாத்தாலும் உள்ள ஒண்ணும் தெரியாது, இன்ஷா அல்லாஹ் நல்லா உழைக்கும்."

தடவிப் பார்த்தேன். இருபுறமும் வழவழப்பு. பழைய கண்ணாடியில் ஒரு பக்கம் சொரசொரப்பாக இருந்தது. காலத்துக்கேற்ற சரக்கு போலிருக்கிறது என்று வாங்கி வந்தேன்.

கதவு சட்டத்தில் எங்கே உரசுகிறது என்று தெரிய, இடுக்கில் ஒரு தாளைச் செருகி மேலிருந்து கீழே இழுத்தேன். தாள் சிக்கிய இடங்களில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். புதுக் கண்ணாடி பழையதைவிடச் சற்றுத் தடிமன். மரப்பட்டைகள் பழைய ஆணித் துளைகளில் உட்கார மறுத்தன; புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. பொடி ஆணியை விரலால் பிடித்தால் விரல்தான் நசுங்கும். சீப்பின் பற்களுக்கிடையில் நிறுத்தி, கண்ணாடிமேல் அட்டையை வைத்துக்கொண்டு மெதுவாக அடித்தேன். கடைசியில் கொக்கியையும் மாற்றினேன். கதவு கட்டைவிரலால் தள்ளினாலே மூடியது. அன்று மாலை காபியை ஜன்னலோரமே நின்று குடித்தேன்.

நிம்மதி மறுநாள் காலை வரைதான்.

என் மேசை அந்த ஜன்னலை ஒட்டி இருக்கிறது. சந்தில் வந்த ஒரு கொலுசு ஜன்னலுக்கு நேரே நின்றது. சற்று நேரம் சத்தமில்லை. பிறகு போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு செருப்பு, அதுவும் நின்று போனது. மூன்றாவதாக நின்றவர் தொண்டையைச் செருமினார். "யாருங்க?" என்றேன். ஓட்டமும் நடையுமாகப் போன சத்தம்தான் கேட்டது.

இத்தனை மாதத்தில் யாரும் அங்கே நின்றதில்லை. அப்படியானால் உள்ளே தெரிகிறது. அம்மா வர இன்னும் ஒரே நாள். ஜன்னலில் நின்று ஊரே பார்க்கும் வீட்டில் அவள் என்னை விட்டுவிட்டுப் போக மாட்டாள்.

சோதித்துப் பார்ப்பதுதானே என் தொழில். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்து ஜன்னலைப் போனில் படம் எடுத்தேன். படத்தில் இருப்பதைச் சொல்லும் செயலி வாசித்தது: "ஜன்னலுக்கு உள்ளே ஒரு இளம்பெண் நிற்கிறார்."

பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. இன்னொரு படம் எடுத்தேன்.

"ஜன்னலுக்கு உள்ளே ஒரு இளம்பெண் நிற்கிறார். பச்சை நிறச் சுடிதார் அணிந்திருக்கிறார். கையில் கைபேசி வைத்திருக்கிறார்."

என் உடைகளில் நிறத்துக்கு ஒரு முடிச்சு உண்டு. உள்தையலில் நானே போட்டது. தடவினேன். இரட்டை முடிச்சு, பச்சை. உள்ளே நின்றவள் நான்தான்.

சிரித்து முடித்தபின் பாய்க்குப் போன் செய்தேன்.

"நீங்க கேட்டதுதானேம்மா குடுத்தேன்," என்றார். "வெளிய நிக்கிறவங்களுக்கு அவங்க மூஞ்சிதான் தெரியும், உள்ள தெரியாது. ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. பொழுது சாஞ்சு உள்ள லைட்டைப் போட்டா மாறிடும், எல்லாம் தெரியும்."

"நான் லைட்டே போடறதில்ல பாய்."

"அப்ப உங்களுக்குன்னே செஞ்ச சரக்கும்மா அது."

மாடியில் மாமியிடம் சொன்னேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"காத்தால பெருமாளைச் சேவிக்கப் போறச்சே நானே அதுல பாத்துத்தான் தலையைச் சரி பண்ணிண்டேன். நீ தெருவுக்குன்னு போட்டிருக்கேன்னு நெனச்சேன். இதுல நீ வேற உள்ளேருந்து யாருங்கன்னு கத்தினயாம். எதிராத்து மாமா பயந்து போய் ஒரு பக்கம் திருமண் கோணலோடயே கோயிலுக்குப் போயிட்டார்."

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போலக் காலடிகள் வந்தன, நின்றன, போயின. நான் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி வாக்கில் ஒரு செருப்பு வந்து நின்றது. பை ஒன்று தரையில் இறங்கியது. புடவையை உதறும் சத்தம், வளையல்கள் மேலேறும் சத்தம்.

"பொட்டு சரியா இருக்காம்மா?" என்று உள்ளிருந்து கேட்டேன்.

"பஸ்ஸு காத்துல எங்க இருக்கு," என்றாள் அம்மா, இயல்பாக. பிறகுதான் உறைத்தது. "அடியேய். என்னடி பண்ணி வச்சிருக்க?"

உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜன்னலுக்குப் போனாள். திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கொக்கியைப் போட்டுக் கதவைப் பிடித்து ஆட்டினாள். மரப்பட்டை நெடுக விரலை ஓட்டி ஆணித் தலை எங்காவது துருத்துகிறதா என்று தேடினாள். இரண்டு இடத்தில் துருத்திக்கொண்டுதான் இருந்தது, எனக்குத் தெரியும். அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டாள், மாவிலிருந்து உப்புத்தாள், சீப்பு வரை சொன்னேன்.

பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போடப் போனவளிடம் பாய் சொன்னதைச் சொன்னேன். தன் பழைய புடவை ஒன்றைப் பையிலிருந்து எடுத்து ஜன்னல் கம்பியில் திரையாகக் கட்டிவிட்டு விளக்கைப் போட்டாள். மறுநாள் கிளம்பும்போது அதை அவிழ்த்து மடித்து என் அலமாரியில் வைத்தாள். "நான் வரும்போது வேணும்," என்றாள்.

சத்திரம் பஸ் நிலையம் வரை கூடப் போனேன். முசிறி பஸ் கிளம்பப்போகும் நேரத்தில் ஜன்னலோரத்திலிருந்து கேட்டாள்: "நம்ம சமையல்கட்டு ஜன்னல் எப்பவும் இறுகிக்குது. தீபாவளிக்கு வரும்போது அந்த உப்புத்தாளை எடுத்துட்டு வரியா?"

"சீப்பும் வேணுமாம்மா?"

"சீப்பு வீட்டுல இருக்கு," என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது.