மேசையில் கொட்டிய உப்பு

வெள்ளைத் துணி விரித்த சாப்பாட்டு மேசையில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உப்பு கொட்டிக் கிடக்கும். நடுவே ஒரு கரண்டி குப்புறக் கிடக்கும். கேப்டன் ஐயாவை நினைத்தால் எனக்கு அவர் முகத்துக்கு முன்னால் இதுதான் வருகிறது. முதல் தடவை பார்த்தபோது, நல்ல உப்பை இப்படிப் பாழாக்குகிறார்களே என்று மனதுக்குள் குறைப்பட்டுக்கொண்டு, ஈரத்துணியோடு துடைக்கப் போனேன். "துடைக்காதீங்கம்மா, அது ஸ்நோ" என்றார் ஐயா. அவர் சிரிக்கவில்லை. நான் துணியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு குசினிக்கு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தேன். இடுப்பு விட்டுப்போனதும் பண்டாரவளையில் ஐயா வீட்டுக்குச் சமையலுக்கு வந்தேன். ஐயா கொழும்புத் தமிழர். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் விமானம் ஓட்டியவர். மனைவி தவறிய பிறகு இங்கே தனியாக இருந்தார். துணை விமானியாக அவருக்குக் கீழே வேலை செய்த ஒருவர் அவ்வப்போது கொழும்பிலிருந்து ரயிலேறி வருவார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் ஐயா அவரைத் தம்பி என்பார், அவர் ஐயாவை சேர் என்பார். நான் சின்னையா என்பேன். அவர் வந்தால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உப்புப் போத்தல் கவிழும், தர்க்கம் தொடங்கும்.

எனக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. தேத்தண்ணி வைக்கப் போகும்போது கொஞ்சம், கோப்பை எடுக்கப் போகும்போது கொஞ்சம் என்று காதில் விழுந்ததை வைத்துத்தான் நடந்ததை விளங்கிக்கொண்டேன். வடக்கே ஏதோ ஒரு குளிர்நாட்டில், பனி கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இவர்கள் இரண்டு பேரும் ஒரு விமானத்தை இறக்கினார்கள். அவர்களுக்கு முன்னால் இன்னொரு விமானத்தை இறக்கியவன், தரையில் பிரேக் பிடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவன் சொன்னதற்குப் பிறகும் பனி விழுந்தது. பின்னாலிருந்து காற்றும் தள்ளியது. சக்கரம் தொடவேண்டிய இடம் தாண்டித்தான் தொட்டது. பிறகு பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. ஓடுபாதை முடிந்து, வேலி முறிந்து, பள்ளத்தில் போய் மூக்குக் குத்தியது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் செத்துப்போனாள். விசாரணை செய்தவர்கள் பனியையும் காற்றையும் சொல்லி முடித்துவிட்டார்களாம். ஐயாவுக்கு மட்டும் முடியவில்லை.

சண்டைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவதைத்தான் நாங்கள் குடியிருந்த லயத்தில் நான் பார்த்திருக்கிறேன். இவர்கள் பழியை அவரவர் பக்கம் இழுத்தார்கள்.

"நீ சொன்னாய் தம்பி. நான்தான் காதுல போட்டுக்கல்ல."

"நான் என்னத்த சொன்னேன் சேர்? 'கொஞ்சம் தூரமாப் போறமோ சேர்'னு கேட்டேன். அது சொன்னதா? கல்யாண வீட்டுல பாயசம் கேக்குற மாதிரி கேட்டேன்."

"பாயசமா இருந்தா குடுத்திருப்பேன்" என்பார் ஐயா. இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் ஐயா விமானத்தை இறக்குவதுபோல் கரண்டியை உப்பில் இழுத்துக்கொண்டே போய் மேசை விளிம்பில் நிறுத்துவார். ஒவ்வொரு முறையும் அதே விளிம்பு.

சின்னையா சொன்ன அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. தோட்டத்தில் நாங்களும் அப்படித்தான். லயத்துக்குப் பின்னால் மண்சுவர் வெடித்திருந்த மழைக்காலத்தில் எங்கள் சங்கத் தலைவர், காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் தோட்டத்துத் தொரை முன்னால் நின்று, "மண்ணு கொஞ்சம் ஈரமா இருக்குற மாதிரி இருக்குங்க தொரை" என்றார். மழையில் மண் ஈரமாகத்தானே இருக்கும் என்று தொரை போய்விட்டார். இடியப்போகிறது, ஆட்களை மாற்றுங்கள் என்று சொல்ல எங்கள் வாய்க்கு வராது. பெரியவர்களிடம் அப்படிப் பேசுவது மரியாதை இல்லை என்று வளர்ந்துவிட்டோம். அந்தச் சுவர் விழுந்தபோது நல்லவேளையாக எல்லாரும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தோம். கோழிக்கூடு மட்டும் போனது. படித்தவர்களும் ஆகாயத்தில் எங்களைப் போலத்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு ஆறுதலாக இல்லை. பயமாக இருந்தது.

ஐயாவுக்கு இருதயம் பலவீனமான பிறகு சின்னையா வந்தபோது, மேசையில் உப்பு கொட்டியது வழக்கம்போலத்தான். ஆனால் தர்க்கம் வரவில்லை. ஐயா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உப்பையே பார்த்தார்.

"தம்பி, நீ அன்னைக்கு நேரா சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனா? அது தெரியாமலே போயிருவேன் போல."

"கேட்டிருப்பீங்க சேர்."

"இதுவும் பாயசப் பேச்சுத்தான். இப்ப சொல்லு. அன்னைக்கு சொல்லாதத சொல்லு."

கரண்டி உப்பை நோக்கி இறங்கியது. நான் தேத்தண்ணித் தட்டோடு கதவருகில் நின்றுவிட்டேன். சின்னையாவின் வாய் திறந்து திறந்து மூடியது. நரைத்த மனிதர், அந்தச் சொல்லைச் சொல்ல அப்படித் திணறினார். பிறகு மேசையில் கை ஊன்றி எழுந்தார்.

"எறக்காதீங்க. மேல ஏறுங்க."

சேர் என்ற சொல் அதில் இல்லை. ஐயாவின் கை நின்றது. கரண்டி உப்பைத் தொடவில்லை. மெல்ல, மெல்ல மேலே போனது, அவர் தலைக்கு மேலேவரை. "சரி தம்பி, ஏறுறேன்" என்றார். இரண்டு பேரும் அழுதார்களா என்று நான் பார்க்கவில்லை, தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அது வெறும் கரண்டி. செத்தவள் செத்தவள்தான். ஐயாவுக்கும் அது தெரியும். அன்று மாலை அவரே உப்பைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு டொக்டர், சாப்பாட்டில் உப்பே கூடாது என்று சொல்லிவிட்டார். உப்பில்லாத பருப்பை யார் சாப்பிடுவார்? ஐயா போத்தலுக்குக் கை நீட்டுவார். "டொக்டர் ஏதோ சொன்னாருங்களே ஐயா" என்பேன், தரையைப் பார்த்துக்கொண்டு. அவர் தூவிக்கொள்வார். இப்படிச் சில நாள் போனது. ஒரு நாள் அவர் கால்கள் வீங்கியிருப்பதைக் கண்டேன். அன்று அவர் கை நீட்டியதும் மேசைக்குப் போய்ப் போத்தலின்மேல் கை வைத்தேன்.

"போடாதீங்க. தர மாட்டேன்."

என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது. ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார். வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்றே நினைத்தேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்து, உப்பில்லாமலே சாப்பிட்டு முடித்தார். பிறகு அந்தப் போத்தலை அவர் தொடவே இல்லை. ஒரு வருடத்துக்குமேல் இருந்தார். தூக்கத்திலேயே போனார்.

இப்போது ஐயாவின் மகன் வீட்டை வாடகைக்கு விடுகிறார். வருகிறவர்களுக்கு நான்தான் சமைக்கிறேன். போன மாதம் சின்னையா வந்தார், தனியாக. அதே மேசையில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியை நான் இழுத்து வைக்கவில்லை. சோறு போட்டு, பருப்பும் லீக்ஸ் கறியும் வைத்துவிட்டு நகர்ந்தபோது கூப்பிட்டார்.

"கடைசி காலத்துல சேருக்கு உப்பு கூடாதாமே. சும்மா இருந்தாரா?"

"இல்லைங்க. போத்தலத் தூக்குனாரு. போடாதீங்கன்னுட்டேன்."

"எப்படி சொன்னீங்க?"

"நேராவே சொல்லிட்டேங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மூட்டம் இறங்கி வேலியை மூடிக்கொண்டிருந்தது.

"சொன்னதும்?"

"கைய எடுத்துட்டாருங்க சின்னையா. சொன்னத கேட்டுக்கிட்டாரு."

சின்னையா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். உப்புப் போத்தல் அவர் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த கரண்டியை நிமிர்த்தி எடுத்து, பருப்பை அள்ளிச் சோற்றில் விட்டுக்கொண்டார்.