கிளினிக் நாளில் மட்டும் போட்ட குளிசை

போர் முடிந்து, தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து சனம் தலைமன்னாருக்குத் திரும்பிய காலத்தில் நான் அங்கே நீரிழிவு கிளினிக்கில் தாதியாக இருந்தேன். ஒரு நாள், அப்படித் திரும்பிவந்த பிலோமினா அக்காவின் சீனி அளவைப் பார்த்த டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"மெற்போமின் குளிசையைக் கூட்டிக் கூட்டித் தந்தும் சீனி இறங்கேல்லை. அடுத்த மாதமும் இப்பிடியெண்டால் இன்சுலின் ஊசிதான்."

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. கரண்டே இல்லாத தகரக் கொட்டிலில், குளிரில் வைக்கவேண்டிய ஊசி மருந்தை எங்கே வைப்பது?

பக்கத்துக் கதிரையில் அவருடைய கணவர் மரியதாஸ் அண்ணை. கடற்றொழிலாளி. அவருக்கும் அதே வருத்தம், அதே குளிசை. அவருக்கு மட்டும் சீனி இறங்கியிருந்தது.

"ஒரே சட்டிச் சோறுதான் மிஸ். எனக்கு ஒரு கோதாரியும் இல்லை. இவ குளிசையைக் கோழிக்குப் போடுறாவோ தெரியேல்லை."

அக்கா கிளினிக் கொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தார். எனக்கோ மண்டை குடைந்தது. துருவிக் கேட்பது என் பிறவிக் குணம்.

கொஞ்ச நேரத்தில் அக்கா பைப்படியில் குளிசை விழுங்குவதைக் கண்டேன். பிறகு ஆஸ்பத்திரிக் கக்கூஸுக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து, பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரிக் காத்திருந்தார். போய்க் கேட்டேன். சுற்றிவரப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதைப் போட்டால் வயித்தாலை போகுது மிஸ். வீட்டில கக்கூஸுக்குக் கிடங்கு மட்டும்தான் வெட்டிக் கிடக்கு. விடிய முன்னம்தான் பத்தைக்குப் போகலாம். பகலில அந்தப் பத்தையடியில ஆம்பிளையள் வலை காயப்போடுவினம். அதுதான் இஞ்ச வாற நாளில மட்டும் போடுறனான்."

அக்காவை டொக்டரிடம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொல்லி, கையோடு என் சந்தேகத்தையும் கேட்டேன்: அண்ணைக்கு ஏன் ஒன்றும் செய்யவில்லை?

டொக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கும் அதை அறிய ஆசைதான் மிஸ். குடலுக்குள்ள கோடிக்கணக்கில கிருமியள் குடியிருக்கு. ஒரே சட்டியில சாப்பிட்டாலும் ஆளுக்காள் அந்தக் கூட்டம் வேறை. சிலபேருக்கு அது மருந்தோட ஒத்துப்போகுது, சிலபேருக்கு வயித்தைக் குழப்புது எண்டு ஆராயினம். முழுக்க இன்னும் பிடிபடேல்லை."

"எங்கட வீடே முடியேல்லை, அதுகள் வடிவாக் குடியேறிட்டுதுகள்!" என்றார் அக்கா. டொக்டரே சிரித்துவிட்டார்.

சோற்றுக்குப் பிறகு அரைக் குளிசை, வயிறு பழகப் பழகக் கூட்டுவது என்று முடிவானது. பிறகு டொக்டர் திரும்பினார். "அண்ணை, கக்கூஸ் எப்ப முடியும்?"

"வள்ளம் திருத்தின பிறகு எண்டு…" மரியதாஸ் அண்ணை மனைவியைப் பார்த்தார். அந்தக் கிழமையே கிடங்குக்கு மேல் கக்கூஸ் பீடம் வைத்து, சுற்றிவரத் தென்னோலைக் கிடுகு கட்டி மறைத்தார். அடுத்தடுத்த மாதங்களில் அக்காவின் சீனி இறங்கியது. ஊசி தேவைப்படவில்லை.

மருந்து வேலை செய்யவில்லையென்றால் முதலில் வயிற்றைக் கேள், பிறகு வீட்டைக் கேள். புதிதாக வரும் தாதிமாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நான் அதை முதன்முதலாகக் கேட்டது, அக்கா உண்மையைச் சொன்னதற்கு அடுத்த கிளினிக்கில், ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு: "குளிசை போட்டு வயித்தாலை போற ஆக்கள் ஆர்? வீட்டில கக்கூஸ் இல்லையெண்டு அதைப் போடாமல் விட்ட ஆக்கள் ஆர்?"

பெண்கள் ஆளையாள் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பிறகு அந்த வரிசை முழுவதும்.